பாதி வரைக்கும் கேட்ட பாட்டு

"…ஒரு ஆளு இல்லடா! நம்ம பக்கத்துல ஒரு ஆளு இல்ல. அங்க பாரு, ஒரு பஸ் நெறைய வந்து பட்டும் பவுடருமா உக்காந்திருக்காங்க. இங்க நாற்காலிதான் உக்காந்திருக்கு. உன் பாட்டைக் கேட்டு எவன்டா உள்ள வருவான்?"

தங்கம் அக்கா என் காதருகில் குனிந்து சொன்னாள். பக்கத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் முழங்கிக்கொண்டிருந்தது. அதனால் கத்தினாள் என்று எழுதுவதே சரி.

அவள் மகள் மஞ்சு ஹால் வாசலில் நின்றாள். தலை கொள்ளாத மல்லிகை. காலையில் கோயிலில் தாலி ஏறிய கழுத்து, சாயங்கால ரிசப்ஷனுக்கு இன்னொரு மாலை சுமக்கத் தயாராக இருந்தது. மாப்பிள்ளை மேடையில் நின்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது பக்கம் இடப்பள்ளியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார். இடது பக்கம் ரிப்பன் கட்டிய நாற்காலிகள், வரிசை வரிசையாக, காலியாக.

என் விரல் சவுண்ட் மிக்ஸர் பட்டன் மேல் இருந்தது. நிறுத்தவா, விடவா என்று அது என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் கதை கொஞ்சம் நிற்கட்டும். அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று சொல்லாமல் மேற்கொண்டு சொன்னால் உங்களுக்கு விளங்காது. போன வாரம் இந்தத் தொடரில், மழையில் ஆம்ப்ளிஃபயரைக் குளிப்பாட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "எழுதறது மைக் செட்காரன், ஆனா மைக்கைப் பத்தி ஒண்ணுமே இல்லையே" என்று குறைப்பட்டார். அவருக்காகவும் இந்த வாரம்.

கோளாம்பி வீட்டுப் பிள்ளை

மட்டாஞ்சேரியில் எங்களுக்கு மைக் செட் தொழில் அப்பா காலத்திலிருந்து. அன்றைக்கு மரத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான். அதற்கு இங்கே கோளாம்பி என்று பெயர். வெற்றிலை துப்புகிற பாத்திரத்துக்கும் அதே பெயர்தான். வடிவம் ஒன்றுதானே. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும், இன்னொன்று வெளியே துப்பும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார் அப்பா.

எங்கள் தெருவில் தமிழ் வீட்டுக்கு அடுத்து கொங்கணி வீடு, அதற்கடுத்து குஜராத்திக் கிடங்கு, எதிரில் மாப்பிள்ளைமார் என்கிற மலையாள முஸ்லிம்களின் வீடுகள். சத்தத்தைக் குறை என்று எத்தனை மொழியில் திட்டலாமோ அத்தனை மொழியிலும் எனக்குத் திட்டு விழுந்திருக்கிறது. நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் எழுத்தைக் கல்யாண நோட்டீசையும் சுவரொட்டியையும் பார்த்து நானே பிடித்தேன். இந்தத் தொடரில் பிழை கண்டால் சுவரொட்டி ஒட்டினவர்களைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

மைக் செட்காரன் எவனுக்கும் ஒரு டெஸ்ட் பாட்டு வேண்டும். ஹாலுக்கு ஹால் சத்தம் மாறும். ஓட்டுக் கூரை ஒரு மாதிரி இழுக்கும், கான்கிரீட் ஒரு மாதிரி அடித்துத் திருப்பும், பந்தல் துணி பாதியைக் குடித்துவிடும். எது ஹாலின் குணம், எது பாக்ஸின் குணம் என்று பிரித்துப் பார்க்க, உள்ளங்கை போலப் பழகின ஒரே பாட்டை எல்லா இடத்திலும் போட்டுக் கேட்க வேண்டும். தோப்பும்படியில் ஒருத்தர் பக்திப் பாட்டு வைத்திருக்கிறார். இன்னொருத்தர் நாதஸ்வரம். என்னுடையது ஒரு ரெகே, ஜமைக்காத் தீவுக்காரர்களின் பாட்டு.

ரெகே என்பதே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோம்ஸ்டே மொட்டைமாடியில் விருந்து. செட் நான் போட்டிருந்தேன். காலையில் கழற்றப் போனபோது டெக்குக்குள் ஒரு கேசட் கிடந்தது. போட்டுவிட்டுப் போன வெள்ளைக்காரர் அதற்குள் ரயிலேறிவிட்டார். மேலே எழுதியிருந்தது வியர்வையில் அழிந்து நீலக் கறையாகிவிட்டது. போட்டுப் பார்த்தேன். முதல் பாட்டே என்னைப் பிடித்துக்கொண்டது.

முதலில் பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடக்கும். அவசரம் கிடையாது. அப்புறம் இன்னொரு கிட்டார் நடுநடுவே குறுக்கே வெட்டும். பிறகு கொஞ்சம் கரகரத்த ஆண் குரல், யாரையோ ஏதோ கேட்கிற மாதிரி. என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரியாது. இங்கிலீஷில் நான் தேறினது "ஹலோ, மைக் டெஸ்டிங்" வரைக்கும்தான். ஆனால் இங்கிலீஷ் மணக்கப் பேசுகிறவர்களும் அந்தப் பாட்டுக்குக் கையை விரித்திருக்கிறார்கள்.

தொழிலுக்கு அதைவிட நல்ல பாட்டு கிடையாது. அந்த பேஸ் விழுந்தால் பாக்ஸில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் கிறுகிறு என்று காட்டிக்கொடுக்கும். வெட்டுகிற கிட்டார் மேல் சத்தத்துக்கு. குரல் நடுவுக்கு. பாடுகிறவர் முதல் சரணம் முடிக்கிறதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். அங்கே நிறுத்திவிடுவேன். கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் பென் டிரைவ் வந்தது. முதல் சரணம் முடிகிற இடத்தில் என் விரல் தானாகப் போய்விடும்.

அப்படியாக, கல்யாணம், பெருநாள், உற்சவம், கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் மட்டாஞ்சேரி அதற்கு முன்னால் அந்தப் பாட்டைக் கேட்டது. எப்போதும் பாதி வரைக்கும்.

ஆளுக்கொரு அபிப்பிராயம்

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு, யாருக்கும் பேர் தெரியாத பாட்டு. அப்படி ஒன்று கிடைத்தால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா?

பப்படம் போடும் கொங்கணி அம்மா சொன்னது: "பாடறவனுக்கு மூக்கடைப்பு. சுக்குக் காப்பி குடுத்து பாடச் சொல்லியிருக்கணும்."

குஜராத்திக் கிடங்கு முதலாளி மிளகு, சுக்கு என்று கையால் அளைந்தே தரம் சொல்கிறவர். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரக்கு நயம். சாக்குதான் பழசு" என்றார்.

தேவாலயப் பெருநாளுக்கு செட் போடப் போனபோது அங்கே பாதிரியாரான அச்சன், "ஷண்முகா, இது ஜெபமாக்கும், கேட்டோ. இவ்வளவு கெஞ்சறவன் தெய்வத்துகிட்டதான் கெஞ்சுவான்" என்றார். அதே பாட்டை கட்சி மேடையில் கேட்ட பிரசங்கி ஒருவர், "போராட்டப் பாட்டு, சந்தேகமே வேண்டாம்" என்று முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

தங்கம் அக்காவுக்கும் எனக்கும் ஒரே சுவர்தான். அவள் பாட்டை வெறுத்ததில் ஒளிவுமறைவே கிடையாது. "வண்டி மாடு மாதிரி நடக்குது நடக்குது, ஊர் மட்டும் வரல" என்பாள். கடைக்குப் புதுப் பாக்ஸ் வந்து நான் சோதித்தால், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "மாட்டை அவுத்து விடுடா!" என்று குரல் வரும்.

இதில் நிஜமான சண்டையும் ஒன்று நடந்தது. ஃபோர்ட் கொச்சியில் ரெகே மட்டுமே போடுகிற காபிக் கடை வைத்திருக்கும் ஜடைமுடித் தம்பி ஒருவர், ஸ்பீக்கர் ஒன்று ரிப்பேருக்குக் கொண்டுவந்தார். அப்போது கடையில் பிரான்சிஸும் இருந்தான். கானமேளா என்கிற மெல்லிசைக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், என் பால்ய சிநேகிதன். இது ரெகே என்று எனக்குச் சொன்னதே அவன்தான். ரிப்பேரான ஸ்பீக்கரில் நான் நம் பாட்டைப் போட்டேன். தம்பி ஃபோனை எடுத்துப் பிடித்தார். பாட்டின் பேரைச் சொல்கிற ஆப்பாம். அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கண்டுபிடிக்க முடியவில்லை என்று கையை விரித்துவிட்டது.

"சேட்டா, இது பெரிய பாட்டொண்ணும் இல்ல" என்றார் தம்பி. "இதுபோல நெறைய உண்டு. யாரும் ரெண்டாவது தடவை கேக்காம விட்டது. பாடறவர் ரெண்டு எடத்துல சுருதி விடறார், கவனிச்சீங்களா?"

என் முகம் சுருங்கிப்போனது. சொந்தப் பிள்ளையைப் பற்றி டீச்சர் சொல்லக் கேட்ட மாதிரி.

பிரான்சிஸ் விடவில்லை. "மோனே, சுருதி விடறது எனக்கும் கேக்குது. நான் காதில்லாதவன் அல்ல. அவன் விடற எடத்துலதான் எனக்கு நெஞ்சு அடைக்குது. சரியாப் பாடினா அடைக்குமா?"

"அது நீங்க பழகினதால தோணறது."

"பழகினா என்ன தப்பு? என் பெண்டாட்டி மொகம்கூட எனக்குப் பழகினதுதான்."

தம்பி சிரித்துவிட்டார். ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு போகும்போது, "எங்க கடையில போட மாட்டேன். ஆனா வெளிய வர்றப்ப இங்க வந்து கேப்பேன்" என்றார். இரண்டு பேரில் யார் சொன்னது சரி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் சரி என்றுதான் ஒருவேளை எழுத வேண்டும்.

தம் போடுகிற நேரம்

அபிப்பிராயம் சொல்வதோடு ஊர் நிற்கவில்லை. பாட்டை ஒரு காரியத்துக்கும் வைத்துக்கொண்டது.

கல்யாணச் சமையல்காரரை நாங்கள் பண்டாரி என்போம். எங்கள் பக்கத்துப் பண்டாரி அபு இக்கா. ஹாலின் பின்புறம் அவர் பெரிய பிரியாணிச் செம்பை அடுப்பில் ஏற்றினால் முன்புறத்தில் நான் பாக்ஸ் ஏற்றுவேன். அவர் கடிகாரம் கட்டுவதில்லை. "எடா ஷண்முகா, உன்ற பாட்டு கேட்டா நான் செம்பை மூடி பிரியாணிக்குத் தம் போடுவேன். பாட்டு நின்னு, சினிமாப் பாட்டு தொடங்கி, ஆளு வந்து உக்காந்து, பொண்ணு உள்ள கேறி வர்றதுக்குள்ள பிரியாணி பாகமாயிருக்கும்" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

இது அபு இக்காவின் தமாஷ் என்றுதான் நினைத்திருந்தேன். ஊருக்கே அதுதான் கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண ஹால்காரர் டெஸ்ட் முடிந்த பிறகுதான் ஃபேன் சுவிட்சைத் தொடுவார். அந்த வெக்கையில் முன்னாடியே போய் உட்கார யாருக்கு என்ன தலையெழுத்து? அதனால் விருந்துக்கு வருகிறவர்கள் உடுத்திக்கொண்டு வந்து எதிரே சாயாக் கடையில் நிற்பார்கள். டெஸ்ட் பாட்டு கேட்டால் இன்னொரு சாயா சொல்வார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் அப்போதுதான் குளிக்கப் போவார்கள். சினிமாப் பாட்டு தொடங்கினால் எல்லாரும் ஒன்றாக உள்ளே நுழைவார்கள்.

எத்தனை கல்யாணம் பார்த்திருக்கிறேன். ஆட்கள் எப்போதும் சரியான நேரத்தில் வந்து நிறைவார்கள். நம் ஊர் ஆட்களுக்கு நல்ல நேர ஒழுங்கு என்று பெருமைப்பட்டதும் உண்டு.

மஞ்சு கேட்டது

தங்கம் அக்காவுக்கு நகரசபையில் சுகாதாரப் பிரிவில் வேலை. விடியும் முன்னே கையுறையோடு புறப்பட்டுவிடுவாள். புருஷன் மஞ்சு சின்னப் பிள்ளையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். சொந்தம் என்று சொல்ல இங்கே பெரிதாக யாரும் இல்லை.

மஞ்சு நர்சிங் படித்தாள். வேலை பார்த்த இடத்தில் பழக்கமான பையன்தான் மாப்பிள்ளை. குடும்பம் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். அப்பா ஏலூர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். இடப்பள்ளியில் சொந்த ஃபிளாட். நல்ல மனுஷர்கள்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியம்மா ஒரு வார்த்தை கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

"உங்க பக்கம் ஆள் குறைவாத்தானே இருக்கும்? சின்ன ஹாலாப் பாத்தாப் போறும் இல்லையா?"

அக்கா காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். "சொந்தம் குறைச்சல்தான்மா. ஆனா என் தெரு வரும். பெரிய ஹாலே பாருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அன்று முதல் அவளுக்கு அந்தக் கல்யாணத்தில் ஒரே ஒரு காரியம்தான். இடது பக்கம் நிறைய வேண்டும். வேலை முடிந்து வந்து வீடு வீடாக ஏறினாள். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி மாம்பழ மஞ்சள் சேலை எடுத்தார்கள், கூட்டத்தில் தனியாகத் தெரிவதற்காக. "எல்லாரும் வந்துருங்கடி. அவங்க முன்னாடி என் வார்த்தை நிக்கணும்" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டையே கட்டிப்போனது.

இதற்கு நடுவில்தான் மஞ்சு ஒருநாள் என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, நான் உள்ள வர்றப்ப நம்ம பாட்டுதான் போடணும். முழுசா."

"எந்தப் பாட்டு?"

"டெஸ்ட் பாட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"சின்னதுலேருந்து சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கறேன். அந்தப் பாட்டு வந்தா எங்கியோ ஏதோ நல்லது தொடங்கப்போகுதுன்னு அர்த்தம். ஆனா அது எப்பவும் வேற யாருக்காவது. அதுவும் பாதியில நின்னுடும். மிச்சம் என்னன்னு நான் கேட்டதே இல்ல."

"இதுக்கென்ன, இப்பவே போடறேன்."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "வேணாம் மாமா! அன்னைக்குத்தான்."

விஷயம் சுவரைத் தாண்டிப் போனது. அக்கா கையில் கரண்டியோடு வந்தாள்.

"டெஸ்ட் பாட்டைப் போட்டு பொண்ண மேடையேத்துறாங்கன்னு இடப்பள்ளிக்காரங்க சிரிக்க மாட்டாங்களாடி?"

"அவங்களுக்கு அது டெஸ்ட் பாட்டுன்னு எப்படிம்மா தெரியும்?"

அக்கா கரண்டியை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். நான் ஒரு ஸ்க்ரூவைத் தேட ஆரம்பித்தேன்.

"நீ சேலை எடுத்த, சாப்பாடு சொன்ன, ஹால் பாத்த. நான் எதுக்காவது வாயத் தொறந்தேனா? பாட்டு மட்டும் எனக்கு விட்டுடும்மா" என்றாள் மஞ்சு.

"மாட்டு வண்டியிலதான் வருவேன்னு நின்னா நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள். அதுதான் சம்மதம்.

மூன்று பேரும் இடப்பள்ளிக்காரர்களைப் பற்றி யோசித்தோம். மட்டாஞ்சேரிக்காரர்களைப் பற்றி ஒருத்தரும் யோசிக்கவில்லை.

சாயங்காலம்

மஞ்சு முதன்முதலாக முழுசாகக் கேட்கப்போகிற பாட்டை டெஸ்ட்டுக்கு என்று போட்டு எச்சில் பண்ண எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம், தெருவே வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வேறு ஒரு பாட்டை மெதுவாக வைத்து எல்லாம் சரிபார்த்துவிட்டேன். என் புத்திசாலித்தனத்தில் எனக்கே திருப்தி.

இடப்பள்ளி பஸ் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தது. ஹால்காரர் வெளியூர் மரியாதைக்காக அவர்கள் பக்கத்து ஃபேன்களை மட்டும் போட்டுக் கொடுத்தார். நம் ஆட்கள் எதிரே சாயாக் கடையிலும் மதில் ஓரத்திலும் நின்று அவர்கள் பஸ் இறங்கி உள்ளே போனதை மட்டும் பார்த்தார்கள். "பாவம், நேரம் தெரியாம வந்து உள்ள வேகறாங்க" என்று அவர்கள் பேசிக்கொண்டதைப் பிரான்சிஸ் எனக்குப் பிறகு சொன்னான். ஹாலில் சத்தமே இல்லை. டெஸ்ட் பாட்டே இன்னும் வரவில்லை. ஷண்முகனுக்கு என்னவோ தாமதம் என்று அவர்கள் கணக்கு.

உள்ளே இருந்த அக்காவுக்கும் எனக்கும் இதெல்லாம் தெரியாது. அவள் உடுத்துகிற அறையில் மஞ்சுவின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் ஒயர்களுக்கு நடுவில் குனிந்திருந்தேன். மாப்பிள்ளை மேடைக்கு வந்தார். மஞ்சு உள்பக்கமாகவே வாசலுக்கு வந்தாள்; மதில் மறைத்ததால் தெருவுக்கு அவள் தெரியவில்லை. வீடியோக்காரர் கட்டை விரலை உயர்த்தினார்.

நான் பாட்டைப் போட்டேன்.

பேஸ் எழுந்து ஹாலை நிறைத்தது. அந்த ஹாலில் அது அவ்வளவு நன்றாக ஒருநாளும் விழுந்ததில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அப்போதுதான் இடது பக்கம் என் கண்ணில் பட்டது.

வெளியே அதே நேரத்தில் என்ன நடந்தது தெரியுமா? "ஆ, டெஸ்ட் தொடங்கியாச்சு" என்று எல்லாரும் இன்னொரு சாயா சொன்னார்கள். பின்புறம் அபு இக்கா நிம்மதியாகக் கனலை வாரி மூடி மேல் போட்டுத் தம் வைத்தார்.

அக்கா என்னிடம் ஓடிவந்தாள். அவள் சொன்னதைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

"நிறுத்திடட்டுமாக்கா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "நிறுத்திட்டு ஒரு சினிமாப் பாட்டுப் போட்டா எல்லாரும் உடனே வந்துருவாங்க. மஞ்சுவை அப்புறம் கூப்பிடலாம்."

அக்கா வலது பக்கம் பார்த்தாள். சம்பந்தியம்மா காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் என்னவோ சொன்னார். பிறகு வாசலைப் பார்த்தாள்.

மஞ்சு நாற்காலிகளைப் பார்க்கவே இல்லை. அவள் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று காத்திருக்கிற முகம்.

"கையை எடு" என்றாள் அக்கா.

"அக்கா, காலியா இருக்கேக்கா…"

"கையை எடுடான்னேன்."

எடுத்துவிட்டேன். அக்கா வாசலுக்குப் போய் மகளின் முழங்கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு பக்கம் ஆட்கள், ஒரு பக்கம் நாற்காலிகள். அந்தப் பாட்டுக்கு வேகமாக நடக்க முடியாது. அக்காவும் அவசரப்படவில்லை. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது.

முதல் சரணம் முடிந்தது. என் விரல் பழக்கத்தில் எழுந்து பட்டன் வரைக்கும் போய்விட்டது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பாட்டில் அந்த இடத்துக்கு அப்புறம் டிரம் நின்றுவிடும். பேஸ் மட்டும் கொஞ்ச தூரம் தனியே போகும். பிறகு பெண்கள் பாடுவார்கள். பல குரல், ஒரே வரி. அந்த ஆண் கேட்டுக்கொண்டிருந்ததற்கு அவர்கள் பதில் சொல்கிற மாதிரி இருக்கும். கடையில் சின்ன ஸ்பீக்கரில் நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பெரிய பாக்ஸ்களில் அன்றுதான் எனக்கும் முதல் தடவை.

சாயாக் கடையில் பேச்சு நின்றதாம். அபு இக்கா பின்புறத்திலிருந்து கையில் சட்டுவத்தோடு சந்து வழியே தெருவுக்கு வந்து நின்று கேட்டாராம்: "எடா, இதுல பெண்ணுங்களும் உண்டோ?"

"ஷண்முகன் நிறுத்த மறந்துட்டானோ?" என்று ஒருத்தர்.

"அவன் பெண்டாட்டி பேரை மறந்தாலும் இதை மறக்க மாட்டான்" என்றானாம் பிரான்சிஸ். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்கிறது. கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டுக் கத்தியிருக்கிறான்: "இது டெஸ்ட் அல்ல! பொண்ணு உள்ள கேறியாச்சு! ஓடுங்க!"

நான் பார்த்தது இதற்கு அப்புறம். வாசல் திடீரென்று நிறைந்தது. மாம்பழ மஞ்சள் சேலைகள் ஒரே மொத்தமாக உள்ளே வந்தன. கொங்கணி அம்மாவின் பின்னல் பாதியில் நின்றிருந்தது. கிடங்கு முதலாளி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பிரான்சிஸ் வாயில் சாயாக் கடைப் பழம்பொரி. தெரு முழுக்க மூச்சிரைக்க வந்து, மெதுவாக, மெதுவாக என்று ஒருத்தரை ஒருத்தர் அடக்கிக்கொண்டு நாற்காலிகளில் விழுந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். அபு இக்கா மட்டும் தம் வைத்த செம்பை விட்டுவிட்டு உள்ளே வர மனமில்லாமல் வாசற்படியில் சட்டுவத்தோடு நின்றார்.

அவர்கள் உட்கார்ந்து நிமிர்ந்தபோது பாட்டு முடிந்துவிட்டது. மஞ்சு மேடையேறி மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருந்தாள். ஹால்காரர் அவசர அவசரமாக இடது பக்கத்து ஃபேன்களைப் போட்டார்.

அந்த அமைதியில் சம்பந்தியம்மா சத்தமாகவே சொன்னார். "பாட்டு என்னவோ மனசைப் பிசையறதே. யார் பாடினது?"

"எனக்குத் தூக்கந்தான் வந்தது" என்றார் அவர் கணவர்.

மஞ்சள் சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல், கிட்டத்தட்ட அழுகிற மாதிரி வந்தது. "தங்கம், இவ்வளவு ஓடிவந்தும் பொண்ணு நடந்து வந்ததை நாங்க பாக்கலியேடி!"

அக்கா மேடையிலிருந்து இடது பக்கத்தைப் பார்த்தாள். முதல் வரிசையிலிருந்து சுவரோரம் வரைக்கும், ஒவ்வொரு முகமாக. அப்புறம் சம்பந்தியம்மாவைப் பார்த்து, "ஒரு நிமிஷம்மா" என்றாள். மாப்பிள்ளையை அங்கேயே நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மகளின் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினாள். இரண்டு பக்கமும் ஆட்கள் நிறைந்த அந்த வழியில் அவளைத் திரும்ப வாசல் வரைக்கும் நடத்திக்கொண்டு போய், அபு இக்காவைச் சற்று ஓரமாக நகரச் சொல்லி, மல்லிகையைச் சரிசெய்து நிறுத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, காற்றில் ஒரு வட்டம் போட்டாள்.